கேட்காமல் சொன்ன ஆமென்

நவம்பர் பதினேழு, ஞாயிறு. சிஸ்டரம்மா அன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டாள். கணவர் செய்த ஜெபத்தைக் கேட்காமலேயே கடைசியில் ஆமென் சொல்லிவிட்டாள்.

அதுவும் முணுமுணுப்பாகச் சொல்லவில்லை. கூடத்தில் இருந்த எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். டயர் கடைக்கு மேலே அந்த வாடகைக் கூடம். முன்பகுதியில் ஆராதனை நடக்கும், மரத் தடுப்புக்குப் பின்னால் அடுப்பு எரியும். பாடி, ஜெபித்து முடித்த பிறகு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். அன்று பருப்புக் குண்டானை ஏற்றிவைத்துவிட்டு வந்து நின்றவளுக்குக் காது முழுக்கத் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான். தீயைக் குறைத்தோமா? மூடியைச் சாய்த்து வைத்தோமா, முழுக்க மூடிவிட்டோமா? கண் மூடியிருந்தது, கை கோத்திருந்தது, மனசு மட்டும் கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தது.

கார்டய்யாவின் ஜெபத்துக்கு ஒரு ஓட்டம் உண்டு. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் விட்டு இந்த நாட்டுக்கு ஊழியத்துக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. ஜெபமும் சரக்கு வண்டி மாதிரி நீளமாகப் போகும். நோயாளிகள் ஒரு பெட்டி, வேலை இல்லாதவர்கள் ஒரு பெட்டி, அரசாங்கத்தை நடத்துகிறவர்கள் ஒரு பெட்டி. முடியப் போகிறது என்றால் குரல் மெல்லத் தணிந்து, பிளாட்பாரத்துக்குள் நுழைவது போல ஒரு இழுப்பு இழுத்து நிற்கும். அந்த இழுப்பு காதில் விழுந்தால் போதும், சிஸ்டரம்மாவின் வாய் தானாகத் திறந்துகொள்ளும். கல்யாணம் ஆன நாளிலிருந்து பழகிய வாய். மற்றவர்கள் அவள் குரலைப் பிடித்துக்கொண்டு ஆமென் சொல்வார்கள்.

சொல்லிவிட்டு நேரே அடுப்புக்கு ஓடினாள். தீ குறைவாகத்தான் இருந்தது. மூடியும் சாய்ந்துதான் இருந்தது. அப்பாடா என்று கரண்டியைப் போட்டுக் கிளறும்போது யாரோ பின்னாலிருந்து இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள். திரும்பிப் பார்த்தால் தையல்காரம்மா. ஹோட்டல் பணியாளர்களின் சீருடைகளுக்கு ஓரம் தைத்துக் கொடுத்துத் தனியாகப் பிழைக்கிறவள். யாரிடமும் லேசில் பல்லைக் காட்டாதவள். அவள் முகம் முழுக்கக் கண்ணீராக இருந்தது.

"ஆறு மாசம்மா. இன்னும் ஆறு மாசம் எங்களோட இருக்கோம்னு சொல்லிட்டீங்களே. எனக்கு இப்பதான் மூச்சே வருது."

"யாரு சொன்னது?"

"ஐயாதான், ஜெபத்துல. நீங்கதான் ஆமென் சொன்னீங்களே."

சிஸ்டரம்மா கரண்டியைக் குண்டானிலேயே விட்டுவிட்டாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கார்டய்யாவைச் சுற்றி ஆட்கள் நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். கூடத்தின் சாவியை வைத்திருக்கும் பேக்கரிக்காரர் அவர் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் நடுவில் நின்ற கார்டய்யா அவள் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. அதிலிருந்தே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அன்று பரிமாறும்போது ஒவ்வொருவராக வந்து நன்றி சொன்னார்கள். தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே அவள் எல்லாருக்கும் தலையாட்டினாள். வார்டில் எல்லாரும் சிஸ்டர் என்று கூப்பிட்ட நர்ஸாக இருந்த காலத்தில், உள்ளுக்குள் என்ன நடந்தாலும் நோயாளி முன்னால் முகத்தை நேராக வைத்துக்கொள்ளப் பழகியவள். அந்தப் பழக்கம் அன்று கைகொடுத்தது.

அவர்கள் வந்தது ஒன்றரை வருஷ ஊழியத்துக்கு. இருவரும் ஓய்வு பெற்று, உடம்பில் தெம்பு இருக்கும்போதே எங்காவது போய் நாலு பேருக்கு உபயோகமாக இருப்போம் என்று சேர்ந்து எடுத்த முடிவு அது. அதில் அவளுக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. குளிரோ மழையோ, பஸ் பிடித்து, மூட்டு வலியோடு மாடிப்படி ஏறி இறங்கி, கிடங்கில் வேலை செய்கிறவர்கள், ஹோட்டலில் படுக்கை விரிக்கிறவர்கள் என்று வீடு வீடாகப் போய்வந்தார்கள். காய்ச்சல் என்றால் அவள் நெற்றியில் கை வைப்பாள், மனக்கஷ்டம் என்றால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். டிசம்பர் கடைசியில் ஊழியம் முடிகிறது. ஜனவரி நடுவில் பாப்பாவுக்குப் பிரசவம்.

பாப்பா என்றால் அவர்களுடைய ஒரே மகள். முப்பது தாண்டிவிட்டது, இன்னும் பாப்பாதான். இதற்கு முன் இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய்விட்டது. இரண்டாவது போனபோது இவர்கள் இங்கே வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. போனில் அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டு வீட்டு ஜன்னல் பக்கத்தில் நின்றதை சிஸ்டரம்மா மறக்கவில்லை. இந்தத் தடவை தேதி தெரிந்ததும் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டாள். ஊழியம் முடிகிற தேதிக்கும் பிரசவத் தேதிக்கும் இடையில் இரண்டு வாரம் இருந்தது. ஆண்டவர் பார்த்துப் பார்த்து வைத்த இடைவெளி என்று நினைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை வரை கார்டய்யா வாய் திறக்கவில்லை. அவர்கள் குடியிருந்தது ஒரு சலவைக் கடைக்கு மேல்மாடி. கீழே இயந்திரங்கள் சுற்ற ஆரம்பித்தால் மேலே தரை லேசாக நடுங்கும், மேஜைமேல் இருக்கும் கரண்டிகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். வெளியே மழை. ஈரத் துணியை அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கார்டய்யா கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார். சமாதானம் பேச வேண்டிய நாட்களில் அவர் இப்படித்தான் கேட்காமலே வேலைக்கு வந்து நிற்பார்.

நமக்கு அடுத்து வர வேண்டிய தம்பதியில் அந்த மனுஷர் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாராம், வேறு ஆள் ஜூன் வரை இல்லையாம், ஆள் இல்லாவிட்டால் கூடத்தை மூடிவிடச் சொல்லிவிட்டார்களாம் என்று துணியைப் பார்த்தே சொல்லி முடித்தார். தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்து பத்து நாள் ஆகிறதாம்.

"பத்து நாளா என் கையால சாப்பிட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ?"

"நீ நல்ல மனசோட இருக்கறப்போ."

"ஓ. நேத்து அடுப்புக்கும் ஜெபத்துக்கும் நடுவுல நான் நல்ல மனசோட இருந்தேனாக்கும்."

அவர் ஒரு கிளிப்பை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. அவளிடம் சொல்லத் தயங்குவதை எல்லாம் அவர் கடவுளிடம் சொல்லிவிடுவார், அவள் பக்கத்தில் இருக்கும்போதே. தூரத்து ஜங்ஷனுக்கு மாற்றல் ஆன செய்தி, தன் அம்மாவை நிரந்தரமாக வீட்டுக்குக் கூட்டிவரப் போகிற செய்தி, நெஞ்சில் வலி வந்து இரண்டு நாள் மறைத்த செய்தி, மூன்றையும் அவள் சாப்பாட்டு ஜெபத்தில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கடவுளோடு பேசிக்கொண்டிருக்கிற மனுஷனை இடைமறித்து, என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று எப்படிக் கேட்பது? ஆமென் சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றுவாள். நாலு நாள் பேச மாட்டாள். பிறகு சரியாகிவிடும்.

"பாப்பாவுக்குத் தேதி தெரியுமில்ல உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

கார்டய்யா கிளிப்பைத் தன் சட்டை நுனியில் மாட்டிக்கொண்டார், கழற்றினார், மறுபடி மாட்டினார். "மாத்தறதுக்கு ஆள் வராம வண்டிய விட்டு இறங்கி எனக்குப் பழக்கம் இல்லம்மா. உனக்கு மட்டும் பழக்கமா? வார்டுல அடுத்த ஷிஃப்ட் ஆள் வரலேன்னா நீ கெளம்பி வந்துருக்கியா ஒரு நாளாவது?"

"வந்ததில்ல" என்றாள். "அடுத்த ஆள் வரல, அடுத்த ஆள் வரலன்னு நான் அங்க நின்னு நின்னுதான், இங்க பாப்பா தானே தலை பின்னிக்கக் கத்துக்கிட்டா. கோணலாப் பின்னிக்கிட்டுப் போவா. நீங்க வண்டியில இருப்பீங்க, பாத்திருக்க மாட்டீங்க."

அவர் கிளிப்பைக் கழற்றித் தானே ஒரு துணியில் மாட்டினார். கீழே இயந்திரம் நின்றது. கரண்டிகளின் சத்தமும் அடங்கியது.

ஆனால் ஊழியத் தம்பதிக்கு ஒரு கஷ்டம் உண்டு. கோபம் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட முடியாது. தம்பதியாக அனுப்பினால் தம்பதியாகவே எங்கும் போக வேண்டும், தம்பதியாகவே வீட்டுப் படி ஏற வேண்டும். ஒருவர் ஊர் திரும்பினால் இரண்டு பேருடைய ஊழியமும் அன்றோடு முடிந்தது. அது தலைமை அலுவலகத்தின் கண்டிப்பான விதி. ஆகவே செவ்வாய்க்கிழமை காலை ஒரே குடையில், ஒரு வார்த்தை பேசாமல், பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். குடையை அவர் பிடித்திருந்தார். அவள் நனையாமல் இருக்க முழுக்க அவள் பக்கமே சாய்த்ததில் அவருடைய இடது தோள் தொப்பலாகிவிட்டது. அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள்.

போனது தையல்காரம்மா வீட்டுக்கு. ஒற்றை அறை. ஜன்னலை ஒட்டித் தையல் இயந்திரம், கட்டில்மேல் மலை மாதிரி சாம்பல் நிறக் கால்சட்டைகள். உட்கார வைக்க இடம் இல்லாமல் கால்சட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கி இரண்டு பேரையும் கட்டில் ஓரத்தில் நெருக்கி உட்கார வைத்தாள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி மாதிரி இருக்கிறது என்றாள். இருவரும் சிரித்து வைத்தார்கள்.

தையல்காரம்மா தேநீர் கொடுத்துவிட்டு மறுபடி இயந்திரத்தில் உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டிய வேலை. தைத்துக்கொண்டே பேசினாள். சென்ற வருஷம் ஊரில் அவளுடைய அம்மா இறந்தபோது போக முடியவில்லை. அன்றும் கட்டில்மேல் இப்படித்தான் துணி குவிந்து கிடந்தது. கண்ணீரில் ஊசி தெரியாமல் தையல் ஓடவில்லை. மறுநாள் காலை கொடுக்காவிட்டால் வேலை போய்விடும். இவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். சிஸ்டரம்மா அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். கார்டய்யா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பொழுது சாயும்வரை உட்கார்ந்து ஒவ்வொரு கால்சட்டையாக நூல் பிசிறு வெட்டிக் கொடுத்தார். ஜெபம்கூட அன்று சின்னதாகத்தான் செய்தார்.

"அதுக்கப்புறம்தான் எனக்கு ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்குதும்மா. நீங்க போயிட்டா அதுவும் திங்கக்கிழமை மாதிரி ஆயிடும்."

இயந்திரம் ஓடியது. துணியைத் திருப்பிப் போடும்போது கேட்டாள், "பொண்ணு எப்படி இருக்குது? நாள் நெருங்கிடுச்சுல்ல?"

"நெருங்கிடுச்சு."

"பாவம், புரிஞ்சுக்கும்."

தையல்காரம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லைச் சிஸ்டரம்மா மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். புரிந்துகொள்ளும். பாப்பா எப்போதும் புரிந்துகொள்ளும். பள்ளி ஆண்டு விழாவில் மேடையில் நின்றபோது, பெரியவளான அன்று, பரீட்சையில் தோற்றுக் கதவைச் சாத்திக்கொண்டபோது, அம்மா வார்டில் இருக்கிறாள், அப்பா வண்டியில் இருக்கிறார் என்று அது புரிந்துகொண்டது. கையில் இருந்த தேநீர் ஆறிப்போய், மேலே ஆடை படிந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நனைந்த செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளுக்குப் போன் போட்டாள். அங்கே அது மதியச் சாப்பாட்டு நேரம். கார்டய்யா தான் சலவைக் கடைக்காரரிடம் ஏதோ கேட்க வேண்டும் என்று கீழே இறங்கிப் போய்விட்டார். கேட்க எதுவும் இருந்திருக்காது.

முதலில் கால் வீக்கம் எப்படி, தூக்கம் வருகிறதா, ரத்த அழுத்தம் பார்த்தார்களா என்று வரிசையாகக் கேட்டாள். பாப்பா பதில் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் நிறுத்திவிட்டது.

"அம்மா, என்ன விஷயம்? நீ சிஸ்டர் குரல்ல பேசற."

சொன்னாள். கூடம், வர வேண்டிய தம்பதி, ஆறு மாதம். ஆமென் சொன்னதை மட்டும் விட்டுவிட்டாள்.

"சரிம்மா" என்றது பாப்பா. "பரவால்ல. அத்தைதான் வந்து இருக்கறேன்னு சொல்லியிருக்காங்களே."

"உங்க மாமியாரா? எப்போ கேட்ட அவங்கள?"

"போன மாசமே."

"போன மாசமா? போன மாசம் நான் வர்றதாத்தானே இருந்தது."

"ஆமா, இருந்துது."

"அப்புறம் எதுக்குக் கேட்ட?"

பாப்பா யோசித்தது. போனில் தட்டுச் சத்தம், யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. "சும்மாதாம்மா. கேட்டு வெச்சுக்கலாம்னு. உனக்கு ஏதாவது வந்துரும்ல கடைசி நேரத்துல. நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. எனக்கு நிஜமா வருத்தமே இல்ல."

அது பொய் சொல்லவில்லை. குரலில் வருத்தமே இல்லை. மழை வரும்போல் இருந்தால் குடை எடுத்துக்கொண்டு போவது போல, அம்மா வர மாட்டாள் என்று மாமியாரைக் கேட்டு வைத்திருக்கிறது. சிஸ்டரம்மா போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் அழுதிருந்தால் தாங்கியிருப்பாள். சண்டை போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஏங்கிக்கொண்டிருந்தது தான் மட்டும்தான் என்பது இப்போதுதான் தெரிந்தது. பாப்பாவின் உச்சந்தலையைத் தன் மோவாய்க்குக் கீழே வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும் என்று கையெல்லாம் தவித்தது. அந்தத் தலை எந்த உயரத்தில் வரும் என்றுகூடச் சட்டென்று ஞாபகத்துக்கு வரவில்லை.

புதன்கிழமை சாயங்காலக் கூட்டம். வேலை முடிந்து வருகிறவர்கள் கோட்டும் மழைத்துளியுமாக வந்து உட்கார்வார்கள். அன்று ஜெபம் நடத்துவது சிஸ்டரம்மாவின் முறை. எழுந்து நின்றாள். எல்லாரும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"கண்ணைத் தொறங்க" என்றாள். "இது உங்ககிட்ட சொல்ல வேண்டியது. ஆண்டவர்கிட்ட அப்புறம் சொல்லிக்கிறேன்."

கார்டய்யா நிமிர்ந்து பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை ஐயா ஜெபம் பண்ணப்போ நான் ஆமென் சொன்னேன். கேக்காம சொல்லிட்டேன். என் மனசு பூராப் பருப்புல இருந்துது."

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் தும்மலாக மாற்றினார்கள். பேக்கரிக்காரர் ராத்திரி முழுக்க மாவு பிசைந்துவிட்டு வருகிறவர். அவர் கையைத் தூக்கினார். "நான் அன்னிக்குத் தூங்கிட்டேம்மா. நீங்க ஆமென் சொன்னதுலதான் முழிப்பே வந்துது. அதனால என்ன?" கூடமே சிரித்தது. கார்டய்யாகூட லேசாகச் சிரித்துவிட்டார்.

சிஸ்டரம்மா சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"அதனால என்னன்னா, நான் இருக்கேன்னு ஒத்துக்கல. வருஷம் முடிஞ்சதும் நான் வீட்டுக்குப் போகணும். என் பொண்ணுக்குப் பிரசவம். ஊழியத்துக்கு வந்தவ இப்படிச் சொல்லலாமான்னு எனக்கே கூச்சமா இருக்குது. ரெண்டு நாளா யோசிச்சுட்டேன், வேற மாதிரி சொல்ல வரல. அவளுக்குப் பாத்துக்க ஆள் இருக்காங்க. நான் வரலேன்னா அவ ஒண்ணும் நெனைக்க மாட்டா. அதுக்காகத்தான் போகணும்."

கீழே டயர் கடையில் காற்று அடிக்கிற இயந்திரம் விட்டு விட்டு இரைந்தது. பின்வரிசையிலிருந்து தையல்காரம்மா கேட்டாள்.

"அப்போ நாங்க?"

சிஸ்டரம்மா வாயைத் திறந்தாள். ஆறுதலாகச் சொல்ல அவளுக்கு எத்தனையோ வார்த்தைகள் தெரியும். வேலையே அதுதான்.

"தெரியலம்மா" என்றாள்.

தையல்காரம்மா எழுந்து தடுப்புக்குப் பின்னால் போய்விட்டாள். கோப்பைகளைத் தொட்டியில் போட்டுக் கழுவுகிற சத்தம் வேண்டுமென்றே பலமாகக் கேட்டது. கூட்டம் முடிந்து எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கும்வரை வெளியே வரவில்லை. சிஸ்டரம்மா உள்ளே போய் ஒரு துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தையல்காரம்மா சொன்னாள்.

"போறதுக்கு முன்னாடி துணியெல்லாம் கொண்டாந்து குடுங்க, பிடிச்சுத் தர்றேன். வந்ததுக்கு இப்ப பாதியாயிட்டீங்க. ஊருல பாக்கறவங்க நாங்க சோறே போடலேன்னு நெனைப்பாங்க."

சிஸ்டரம்மா அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். தையல்காரம்மா கையை உருவிக்கொள்ளவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

வியாழக்கிழமை காலை கார்டய்யா தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். மேற்பார்வையாளர் நல்ல மனுஷர்தான், ஆனால் விதியை மாற்ற அவருக்கும் அதிகாரம் இல்லை. அம்மா திரும்பினால் இருவரது ஊழியமும் டிசம்பரோடு முடிந்தது, வீடு வீடாகப் போவதும் பிரசங்கம் செய்வதும் அதன் பிறகு கூடாது என்று இரண்டு தடவை சொன்னாராம். போனை வைத்துவிட்டுக் கார்டய்யா சமையலறை வாசலில் வந்து நின்றார். சிஸ்டரம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது கோபப்படுவார், அல்லது எல்லாவற்றையும் மூட்டை கட்டு என்று சொல்லிவிட்டு ஊர் போகும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள்.

"நீ போ" என்றார். "நான் இருக்கேன்."

கத்தி நின்றது. "தனியாவா? விதி என்னாகறது?"

"விதி ஊழியக்காரனுக்குத்தானே? ஜனவரியிலேர்ந்து நான் ஊழியக்காரன் இல்ல. சும்மா இருக்கற கெழவன். விசாதான் ஜூன் வரைக்கும் இருக்கே. ஞாயித்துக்கிழமையானா ஒரு கெழவன் போய்க் கூடத்துக் கதவத் தொறந்து லைட்டப் போட்டு வெக்கக் கூடாதுன்னு அவர் சொல்லல. கேட்டுட்டேன்."

"பிரசங்கம்?"

"அவங்களே படிச்சுக்கட்டும், பாடிக்கட்டும். பேக்கரிக்காரன் நல்லாப் பாடுவான், முழிச்சிருந்தா."

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க? உங்களுக்கு முட்டை அவிக்கத் தெரியுமா?"

"தண்ணியில போட்டா அதுவே அவிஞ்சிடும்ல?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வெங்காயம் கண்ணில் எரிந்தது. இரண்டையும் புறங்கையால் துடைத்தாள். நாற்பது வருஷத்துக் குடும்பத்தில் இந்த மனுஷர் ஒரு பெரிய விஷயத்தை நேரே அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னது இதுதான் முதல் தடவை. அதுவும் பிரிந்து இருக்கப் போகிற விஷயம். அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூரத்தில் போகிற வண்டிக்குக் கொடியாட்டுகிறவர் மாதிரி, முகத்தில் ஒன்றையும் காட்டாமல் நின்றார். ஆனால் கைவிரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"பேரப்பிள்ளைய நீங்க எப்போ பாக்கறது?"

"ஜூன் மாசம். அதுக்குள்ள அது கவுந்து படுத்துருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "பாப்பாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு. வரணும்னு இருந்தேன்னு சொல்லு" என்றார்.

"நான் எதுக்குச் சொல்லணும்? நீங்களே சொல்லுங்க. ஜெபத்துல சொல்லாதீங்க. அவகிட்டயே சொல்லுங்க."

அவளே எண்ணை அழுத்தி அவர் கையில் கொடுத்தாள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, உட்காரவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல், கொடியில் தொங்கிய துணிகளுக்கு நடுவில் போய் நின்றார். அவள் கண்ணுக்கு அவருடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன.

"பாப்பா, அப்பா பேசறேன். அம்மா வர்றா. உன் கூட இருக்கறதுக்கு வர்றா. நான் வரல." கால்கள் இடம் மாறின. "எனக்கு வரணும்னு ரொம்ப ஆசையா இருக்குடா. ஆனா வரல. அதைத்தான் சொல்லணும்னு."

அந்தப் பக்கம் என்ன சொன்னது என்று சிஸ்டரம்மாவுக்குக் கேட்கவில்லை. கார்டய்யா வெகுநேரம் உம், உம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு துணிகளை விலக்கிக்கொண்டு வந்து போனை அவளிடம் நீட்டிவிட்டு, முகம் கழுவப் போய்விட்டார்.

"அம்மா" என்றது பாப்பா. "நிஜமாவா?"

"நிஜமா."

"அப்பா மாத்திச் சொல்லலையே?"

"இல்ல. நானும்தான் சொல்றேன்."

"டிக்கெட் எடுத்துட்டியா?"

"நாளைக்குத்தான்."

"சரி. எடுத்துட்டுச் சொல்லு" என்றது பாப்பா. "எடுத்தப்புறம் அத்தைகிட்ட சொல்லிக்கறேன்."

இன்னும் நம்பவில்லை. நம்பாதது நியாயம்தான் என்று சிஸ்டரம்மா நினைத்துக்கொண்டாள். மீதி வெங்காயத்தை நறுக்கி முடித்தாள். கார்டய்யாவைக் கூப்பிட்டு, பாத்திரத்தில் எவ்வளவு தண்ணீர் வைத்தால் முட்டை வெடிக்காமல் வேகும் என்று காட்டினாள். அவர் இரண்டு முட்டைகளையும் கரண்டியில் வைத்து, குழந்தையைத் தொட்டியில் இறக்குகிற மாதிரி இறக்கினார்.

நாளை வெள்ளி. பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் பயணச்சீட்டு அலுவலகம் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். அதற்கு முன் போய் வரிசையில் நிற்க வேண்டும். போகிற தேதி டிசம்பர் முப்பத்தொன்று. சீட்டு ஒரு ஆளுக்கு மட்டும். வாங்கிய உடனே, வெளியே வந்து, பாப்பாவுக்குப் போன் செய்ய வேண்டும்.